பென்ஷன் மாமி பதில்கள்: 'அவருக்கு அப்புறம் எனக்கு என்ன?'

டெல்லியில் ஒரு மத்திய அமைச்சகத்தின் சம்பள-கணக்கு அலுவலகத்தில், பென்ஷன் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவள் நான். ஆர்.கே.புரம் மலை மந்திர் படிக்கட்டில் யாராவது 'பென்ஷன் மாமி' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். சில பெண்கள் அதை நேராக எழுதுகிறார்கள், சிலர் 'ஒரு தெரிந்தவருக்காகக் கேட்கிறேன்' என்று எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்து இந்த இதழிலேயே எடுத்துக்கொண்டேன்.

மாமி, வணக்கம். என் கணவர் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து 2013-ல், 60 வயதில் ஓய்வு பெற்றார். போன ஆவணியில் 72 வயதில் காலமானார். நான் அரசு உதவி பெறும் பள்ளியில் டீச்சராக இருந்து பென்ஷன் வாங்குகிறேன். 'உனக்கே பென்ஷன் வருகிறது, இன்னொன்று தரமாட்டார்கள்' என்கிறார் என் மைத்துனர். வங்கியிலோ புதுக் கணக்கு தொடங்கு, வாரிசுச் சான்று கொண்டு வா, பி.பி.ஓ.வில் (ஓய்வூதியம் வழங்கும் ஆணையில்) உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் வேறு வேறாக இருக்கிறது என்று மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் என்ன செய்யட்டும்?
— வாசகி, மயூர் விஹார் ஃபேஸ் 1

மைத்துனரை முதலில் ஓரமாக உட்கார வையுங்கள். கணவனோ மனைவியோ குடும்ப ஓய்வூதியம் வாங்குவதற்கு வருமான வரம்பு எதுவும் கிடையாது. உங்களுக்குச் சொந்தப் பென்ஷன் வரலாம், வாடகை வரலாம், டியூஷன் எடுக்கலாம். உங்கள் பென்ஷன் உங்கள் உழைப்புக்கு. குடும்ப ஓய்வூதியம் அவர் உழைப்புக்கு. இரண்டும் ஒன்றை ஒன்று தின்னாது. வருமானக் கணக்கு பார்ப்பதெல்லாம் 25 வயது தாண்டிய மகள், பெற்றோர் போன்றவர்களுக்குத்தான். அதைக் கீழே வேறொரு கடிதத்தில் சொல்கிறேன்.

தொகை எவ்வளவு? கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். குறைந்தது 9,000 ரூபாய், அதிகபட்சம் 75,000. அவருடைய அடிப்படைப் பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் பாதி என்பதால், அந்தப் பென்ஷனில் ஐந்தில் மூன்று பங்கு என்று மனக்கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு அடிப்படை 40,000 என்றால் உங்களுக்கு 24,000. அதன்மேல் அகவிலைப்படி, 2025 ஜூலை கணக்குப்படி அது 58 சதவீதம், அதாவது 13,920. அவர் ஓய்வு பெறும்போது ஒரு பகுதியைக் கம்யூட் செய்து மொத்தமாகப் பணம் வாங்கியிருந்தாலும் உங்கள் தொகையில் அதற்காக ஒரு பைசா பிடிக்க முடியாது. இது பலருக்குத் தெரியாமல், 'அவர் வீடு கட்ட வாங்கினாரே, அதைக் கழிப்பார்களோ' என்று பயந்துகொண்டே இருக்கிறார்கள்.

கூடுதல் விகிதம் என்று ஒன்று உண்டு, 50 சதவீதம். பணியில் இருக்கும்போதே இறந்தால் பத்து வருடத்துக்கு அது கிடைக்கும். ஓய்வுக்குப் பிறகு இறந்தால் ஏழு வருடம், அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயதைத் தொட்டிருக்கும் நாள், இதில் எது முந்தியதோ அதுவரை. உங்கள் கணவர் 72-ல் போனதால் அது உங்களுக்குப் பொருந்தாது.

இனி வங்கி. இறந்த நாள் வரைக்கும் அவருடைய பென்ஷன், மறுநாளிலிருந்து உங்களுடையது. உங்கள் பெயர் பி.பி.ஓ.விலேயே இருப்பதால் நீங்கள் கொண்டுபோக வேண்டியது இறப்புச் சான்றிதழ், அவர் கையில் இருந்த பி.பி.ஓ. பிரதி, ஒரு விண்ணப்பக் கடிதம், உங்கள் வயதுச் சான்று, அதிகமாக வரவு வைத்தால் திருப்பித் தருவேன் என்ற உறுதிமொழி, அவ்வளவுதான். வாரிசுச் சான்று இதற்குத் தேவையில்லை. இரண்டு பேர் பெயரிலும் 'யாராவது ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்' என்ற முறையில் கணக்கு இருந்தால், அதிலேயே வரவு வைக்கலாம். புதுக் கணக்கு தொடங்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு இது தெரியாமல் இருக்கலாம். மேலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அப்புறமும் இழுத்தடித்தால் 'சிபென்கிராம்ஸ்' இணையதளத்தில் புகார் பதிவு செய்யலாம்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு, கொஞ்சம் வெட்கக்கேடான அனுபவம்.

என் கணவர் வேறொரு துறையில் இருந்தார். 2017 கார்த்திகையில் போனார். பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து, கோத்ரெஜ் பீரோவின் அடித்தட்டிலிருந்து அவருடைய பி.பி.ஓ.வை எடுத்துப் பார்க்கிறேன். என் பெயரில் ஒரு எழுத்து குறைகிறது. நாம் தமிழர்கள் இங்கிலீஷில் பெயர் எழுதும்போது 'த'வுக்கு 'டி, எச்' இரண்டும் போடுவோம். லதா என்றால் அப்படித்தான். வடக்கே 'டி' மட்டும் போதும். எந்த மகானுபாவன் தட்டச்சு செய்தானோ, 'எச்'சை எடுத்துவிட்டான். என் பிறந்த தேதி இருக்க வேண்டிய கட்டம் காலி. ஆதாரிலோ, இனிஷியலை விரித்து என் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் மாதிரி பின்னால் ஒட்டியிருந்தார்கள். பான் அட்டையில் கணவர் பெயர். ஆக மூன்று காகிதத்தில் மூன்று பெண்கள்.

ஊர் உலகத்துக்கெல்லாம் பி.பி.ஓ.வில் எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்தவள், இருபது அடி தூரத்தில் பீரோவில் கிடந்த காகிதத்தை ஒரு நாளும் பிரித்துப் பார்க்கவில்லை. அவரும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்து மாதம் அலைந்தேன். அந்த வங்கியின் பெயர் வேண்டாம். தப்பு அவர்களுடையது மட்டும் இல்லை.

நான் செய்ததையே நீங்களும் செய்யுங்கள். 'இந்த மூன்று பெயரும் என்னையே குறிக்கின்றன' என்று முத்திரைத்தாளில் ஒரு உறுதிமொழிப் பத்திரம், கூடவே கணவர் பெயரும் உங்கள் பெயரும் சேர்ந்து வரும் இரண்டு ஆவணங்கள். சி.ஜி.எச்.எஸ். என்ற மத்திய அரசு மருத்துவத் திட்ட அட்டை, பாஸ்போர்ட், பழைய ரேஷன் கார்டு எல்லாம் கைகொடுக்கும். சின்ன வித்தியாசத்துக்கு வழக்கமாக இது போதும். பி.பி.ஓ.விலேயே பெயர் தப்பு என்றால், அவர் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தின் தலைவருக்கு எழுத வேண்டும். அங்கிருந்து சம்பள-கணக்கு அலுவலகம், அங்கிருந்து பிகாஜி காமா பிளேஸில் திரிகூட் கட்டடத்தில் இருக்கும் மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகம், அங்கிருந்து வங்கி என்று திருத்தம் பயணம் போகும். கடிதத்தில் 12 இலக்க பி.பி.ஓ. எண்ணை மறக்காமல் போடுங்கள். எண் இல்லாத கடிதம் மேஜை மேஜையாகச் சுற்றும், சேர வேண்டிய இடம் சேராது.

சி.ஜி.எச்.எஸ். மருத்துவ அட்டையையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அது உங்களுக்குத் தொடரும்.

நான் 2013-ல் ஓய்வு பெற்றேன். முதல் மனைவி 2014-ல் காலமானாள். 2016-ல் ஒரு விதவைப் பெண்ணை முறைப்படி பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். 'ரிட்டயர் ஆன பிறகு கட்டிக்கொண்டவளுக்குப் பென்ஷன் கிடையாது' என்று என் 41 வயது மகன் அவள் முகத்துக்கு நேரே சொல்கிறான். உண்மையா?
— வாசகர், ஆர்.கே.புரம்

உண்மை இல்லை. ஓய்வுக்குப் பிறகு நடந்த திருமணமாக இருந்தாலும், சட்டப்படி செல்லும் திருமணம் என்றால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பகவந்தி என்பவர் மத்திய அரசுக்கு எதிராகப் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே இதைத் தீர்த்து வைத்துவிட்டது. உங்கள் மகனுக்கு அப்போது நாலைந்து வயது இருந்திருக்கும்.

மகனுடைய சம்மதமும் தேவையில்லை. 41 வயது மகனுக்கு, உடற்குறைபாடோ மனவளர்ச்சிக் குறைபாடோ இல்லாத பட்சத்தில், குடும்ப ஓய்வூதியத்தில் எந்தப் பங்கும் இல்லை. மகனுக்கு 25 வயதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. வீடு, நகை வேறு கதை. அதை வக்கீலிடம் கேளுங்கள்.

ஆனால் உங்களை ஒன்று கேட்கிறேன். 2016-ல் கல்யாணம் ஆனது சரி, இத்தனை வருடத்தில் அந்த அம்மாள் பெயரை பி.பி.ஓ.வில் சேர்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. திருமணப் பதிவுச் சான்று, முதல் மனைவியின் இறப்புச் சான்று, இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படம், அவருடைய ஆதார், பான் இவற்றோடு உங்கள் பழைய அலுவலகத்துக்கு விண்ணப்பியுங்கள். நீங்கள் சேர்க்காமல் போனாலும் அவருக்கு உரிமை போகாது. ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்டால் ஒரு மாதத்தில் நடப்பதை, அந்த மகன் இருக்கும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவர் தனியாக நிரூபிக்க வேண்டி வரும். இந்த வாரமே போங்கள்.

இதைப் படித்துவிட்டு 'எங்கள் வீட்டிலும் அப்படியே' என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் சொன்னது 2003 டிசம்பர் 31 வரை பணியில் சேர்ந்து பழைய ஓய்வூதியத்தில் இருப்பவர்களுக்கு. 2025 ஏப்ரல் முதல் வந்திருக்கும் யு.பி.எஸ். என்ற ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் வேறு மாதிரி. அதில் இறந்தவர் வாங்கிவந்த தொகையில் 60 சதவீதம் துணைக்குப் போகும். ஆனால் ஓய்வு பெற்ற நாளன்று சட்டப்படி துணையாக இருந்தவருக்குத்தான். பின்னால் வந்தவருக்கு இடமில்லை. ஒரே ஊர், ஒரே அரசு, இரண்டு நியாயம்.

பெயர் போட வேண்டாம். அவருக்கு ஊரில் மனைவி இருக்கிறார், விவாகரத்து ஆகவில்லை. நான் அவரோடு டெல்லியில் 19 வருடமாக இருக்கிறேன். கோயிலில் தாலி கட்டினார். ஒரு பெண் குழந்தை, 17 வயது. எனக்கு ஏதாவது உண்டா?
— முகவரி இல்லாத கடிதம்

மறைத்துச் சொல்வதில் பயன் இல்லை, அம்மா. இந்து திருமணச் சட்டப்படி முதல் திருமணம் நிலுவையில் இருக்கும்போது நடந்த இரண்டாவது திருமணம் செல்லாது. ஆகவே உங்களுக்குக் குடும்ப ஓய்வூதியம் வராது. அது ஊரில் இருப்பவருக்கு. 19 வருடம் யார் சமைத்துப் போட்டார்கள், ஆஸ்பத்திரியில் யார் இரவு விழித்தார்கள் என்றெல்லாம் விதி கேட்காது.

உங்கள் மகளுக்கு உரிமை உண்டு. திருமணம் செல்லாது என்பதால் குழந்தை செல்லாதது ஆகிவிடாது. அவர் அலுவலகத்தில் கொடுத்திருக்கும் குடும்ப விவரப் படிவத்தில் மகள் பெயர் இருக்கிறதா என்று அவர் உயிரோடு இருக்கும்போதே பாருங்கள். பிறப்புச் சான்றில் அப்பா பெயர் இருக்கட்டும். உங்களுக்கென்று அவர் எதையாவது கொடுக்க நினைத்தால் உயில், சேமிப்பு, காப்பீடு என்று வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

அப்பா 2019-ல் காலமானார். அம்மா குடும்ப ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தார். நான் 2021-ல் விவாகரத்து வழக்குப் போட்டேன். 2022-ல் அம்மாவும் போய்விட்டார். தீர்ப்பு 2023-ல்தான் வந்தது. எனக்கு 44 வயது. வீட்டில் சில குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கிறேன், மாதம் ஏழாயிரம் போல வரும். 'அம்மா உயிரோடு இருக்கும்போது நீ விவாகரத்து ஆனவள் இல்லையே' என்று அண்ணாவே சொல்கிறார்.
— துவாரகா

அண்ணாவுக்கு விதியில் பாதி தெரிந்திருக்கிறது. ஒரு காலத்தில் அவர் சொல்வதுதான் நடைமுறை. டெல்லி கோர்ட்டுகளில் தேதி மேல் தேதி வாங்கி, தீர்ப்பு வருவதற்குள் பெற்றோர் இருவரும் போய், நடுத்தெருவில் நின்ற பெண்களின் கோப்புகளை என் கையாலேயே நிராகரித்திருக்கிறேன். அதில் ஒரு பெண் என் மேஜைக்கு முன்னால் நின்று அழவில்லை, திட்டவில்லை. 'கோர்ட் லேட் பண்ணினதுக்கு நானா ஃபைன் கட்டணும்?' என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. 2017 ஜூலையில் உத்தரவு மாறியது. அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கும்போது தகுதியுள்ள நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் ஆகியிருந்தால் போதும், தீர்ப்பு பின்னால் வந்தாலும் ஏற்கலாம். நீங்கள் வழக்குப் போட்டது 2021, அம்மா போனது 2022. நீங்கள் தகுதி உள்ளவர்.

வருமானக் கணக்கு உங்களுக்கு உண்டு. மாத வருமானம் 9,000 ரூபாயும் அதன் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. 58 சதவீதம் என்று வைத்தால் 14,220 ரூபாய். உங்கள் ஏழாயிரம் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் கணவரிடமிருந்து ஜீவனாம்சம் வந்தால் அதையும், வாடகை, வட்டி எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுங்கள். மறைத்தால் பின்னால் வட்டியோடு பிடிப்பார்கள். மறுமணம் செய்துகொண்டால் நின்றுவிடும்.

வரிசையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் கணவன் அல்லது மனைவி. பிறகு 25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், பிறகு ஊனமுற்ற பிள்ளை, அதன் பிறகே 25 தாண்டிய திருமணமாகாத, விதவையான, விவாகரத்தான மகள்கள். உங்கள் வீட்டில் நடுவில் யாரும் இல்லை என்று தெரிகிறது. அப்பாவின் பி.பி.ஓ., இருவரின் இறப்புச் சான்று, 2021 மனுவின் சான்றிட்ட நகல், தீர்ப்பு நகல், வருமான உறுதிமொழி இவற்றோடு அப்பாவின் கடைசி அலுவலகத்துக்குப் போங்கள். வங்கிக்குப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்கள் பெயருக்குப் புதிதாக அதிகாரக் கடிதம் வந்தால்தான் வங்கி கொடுக்க முடியும்.

இதே மாதம் ஒரு அப்பா எழுதியிருக்கிறார், 'மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, குடும்பப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடலாமா?' என்று. எடுக்க முடியாது ஐயா. பட்டியலில் மகள் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்று ஓய்வூதியத் துறை 2024-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தகுதி உண்டா இல்லையா என்பதைப் பின்னால் பார்த்துக்கொள்வார்கள்.

அக்கா, உங்களை மாமி என்று கூப்பிட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நாங்கள் ஜங்புரா மதராசி கேம்ப்பில் இருந்தோம். 2025 ஜூனில் இடித்த பிறகு நரேலாவில் வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் ஓக்லாவில் ஒரு தையல் கம்பெனியில் ஏழு வருஷம் வேலை பார்த்தார். பி.எஃப். பிடித்தார்கள். இரண்டு மாசம் முன்னாடி மாரடைப்பில் போய்விட்டார், 33 வயசு. வேலையில்தான் இருந்தார். பிள்ளைகளுக்கு 5, 2 வயசு. எனக்கு 29. பி.எஃப். நாமினி மாமியார் பெயர், எங்கள் கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினது. 'பத்து வருஷம் ஆகலை, பென்ஷன் கிடையாது' என்கிறார் சூப்பர்வைசர்.
— நரேலா

அக்கா என்றே கூப்பிடும்மா, அதுதான் எனக்கும் பிடிக்கும்.

பத்து வருடம் என்பது, வேலை பார்த்தவர் உயிரோடு இருந்து 58 வயதில் தன் பென்ஷனை வாங்குவதற்கான கணக்கு. வேலையில் இருக்கும்போது இறந்துவிட்டால் அந்தக் கணக்கு கிடையாது. 1995 நவம்பரில் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே மனைவிக்கு விதவை ஓய்வூதியம் உண்டு. சூப்பர்வைசருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பேப்பர் வேலைக்குச் சோம்பல். வேலையை விட்டுப் போனபின், பத்து வருடம் நிரம்பாமல் இறந்திருந்தால்தான் சிக்கல்.

தொகை மூன்று கணக்கில் எது அதிகமோ அது. ஒன்று, சம்பளத்தை வேலை பார்த்த வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுப்பது. சம்பளம் 15,000 வரைதான் எடுத்துக்கொள்வார்கள், ஆக ஏழு வருடத்துக்கு 1,500. இரண்டு, சம்பளத்தைப் பொறுத்து திட்டத்திலேயே போட்டிருக்கும் அட்டவணைத் தொகை. சின்ன வயதில் போனவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் கூடுதலாக வரும். மூன்று, குறைந்தபட்சத் தொகையான ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரம் 2014 செப்டம்பரில் வைத்தது. டெல்லியில் ஒரு கேஸ் சிலிண்டர் வாங்கினால் மீதியில் பிள்ளைக்கு ஒரு வாரப் பால் வருமா பாருங்கள். இன்னும் அதே ஆயிரம்.

இதோடு இரண்டு பிள்ளைகளுக்கும் தலைக்கு உன் ஓய்வூதியத்தில் 25 சதவீதம், குறைந்தது 250 ரூபாய், அவர்களுக்கு 25 வயது ஆகும் வரை. இந்தப் பென்ஷனில் மாமியாருக்குப் பங்கு இல்லை.

பி.எஃப். பணம் வேறு. கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய நாமினேஷன், கல்யாணம் ஆனதும் செல்லாமல் போய்விடும் என்பது பி.எஃப். விதி. அப்படிச் செல்லும் நாமினேஷன் இல்லாவிட்டால் பணம் குடும்பத்தாருக்குச் சமபங்கு. அவர் சம்பாத்தியத்தை நம்பி இருந்த தாய் என்றால் மாமியாரும் அந்தக் குடும்பத்தில் வருவார். நீ, இரண்டு பிள்ளைகள், மாமியார், ஆக நாலு பங்கு. அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர். சண்டை இல்லாமல் ஒன்றாக உட்கார்ந்து படிவம் நிரப்பினால் சீக்கிரம் முடியும்.

மூன்றாவது, யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்: இ.டி.எல்.ஐ. என்ற காப்பீடு. சந்தாவை முதலாளி கட்டுவார், தொழிலாளிக்குத் தெரியவே தெரியாது. ஒரு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து இறந்தால் குறைந்தது இரண்டரை லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். பி.எஃப்., பென்ஷன், காப்பீடு மூன்றையும் ஒரே படிவத்தில் கேட்கலாம், இறந்தோருக்கான கூட்டு விண்ணப்பப் படிவம் என்று கேள். அவருடைய யு.ஏ.என். என்ற பி.எஃப். எண், இறப்புச் சான்று, கல்யாண ஆதாரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, உன் வங்கிப் புத்தகம் வேண்டும். வீடு இடித்த குழப்பத்தில் பிறப்புச் சான்று தொலைந்திருந்தால் முதலில் அதை மாநகராட்சியில் வாங்கிவிடு. ஆதார் முகவரியை நரேலாவுக்கு மாற்றிக்கொள். இ.எஸ்.ஐ. அட்டை இருந்ததா? இருந்தால் இறுதிச் சடங்குச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை தருவார்கள்.

நீ கேட்கவில்லை, ஆனால் 29 வயது என்று எழுதியிருக்கிறாய், அதனால் சொல்கிறேன். நாளைக்கு நீ மறுமணம் செய்துகொண்டால் உன் விதவை ஓய்வூதியம் நிற்கும். பிள்ளைகளுக்கு நிற்காது, அவர்களுடையது அனாதைப் பிள்ளை ஓய்வூதியமாக மாறி 75 சதவீதமாகக் கூடும். யாராவது 'பென்ஷன் போய்விடும்' என்று சொல்லி உன் வாழ்க்கையை முடிவு செய்ய வந்தால் இந்தக் கணக்கைக் காட்டு.

என் கணவர் நியூ ஜெர்ஸியில் 14 வருடம் வேலை பார்த்து, அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டிக்கு வரி கட்டினார். நானும் 11 வருடம் அங்கே அவரோடு இருந்தேன். இந்தியக் குடிமக்களாகவே 2016-ல் திரும்பிவிட்டோம். 2024-ல் அவர் போய்விட்டார். எனக்கு 58 வயது. அந்தப் பணம் அவ்வளவுதானா?
— வசுந்தரா என்க்ளேவ்

அவ்வளவுதான் இல்லை. அங்கே விதவைக்கான தொகை 60 வயதிலிருந்து கிடைக்கும். இரண்டு வருடம் பொறுங்கள். 60-ல் எடுத்தால் அவருக்கு உரிய தொகையில் 71.5 சதவீதம், தள்ளிப்போட்டால் கூடிக்கொண்டே போய் 67-ல் முழுத் தொகை.

உங்களுக்கு முக்கியமானவை இரண்டு நிபந்தனைகள். ஒன்று, அவருக்கு 40 கிரெடிட் சேர்ந்திருக்க வேண்டும். வருடத்துக்கு நாலு என்று பத்து வருட வேலையில் சேர்ந்துவிடும், 14 வருடம் தாராளம். இரண்டு, அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் வெளிநாட்டில் இருந்துகொண்டு வாங்கும் விதவை, அவருடைய மனைவியாக அமெரிக்க மண்ணில் குறைந்தது ஐந்து வருடம் வாழ்ந்திருக்க வேண்டும். உங்களுக்கு 11. கணவரை அங்கே அனுப்பிவிட்டு இங்கேயே இருந்துவிட்ட மனைவிகள் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். உங்கள் பழைய பாஸ்போர்ட்டுகள், ஹெச்-4 விசா, வீட்டு வாடகை ஒப்பந்தம், அவருடைய டபிள்யூ-2 படிவங்கள் எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். 60-க்கு முன் மறுமணம் செய்தால் உரிமை போகும், அதற்குப் பின் என்றால் போகாது. நம் ஊர் விதியை விட இதில் அவர்கள் கொஞ்சம் தாராளம்.

சுருக்கமாகச் சில:

*மகன் 2014-ல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தான், என்.பி.எஸ். என்ற தேசிய ஓய்வூதியத் திட்டம். 2025-ல் பணியில் இருக்கும்போதே இறந்தான். எந்த விருப்பமும் எழுதிக் கொடுக்கவில்லை. மருமகளுக்கு? (லோதி காலனி)* 15 வருடப் பணிக்குள் இறந்ததால், விருப்பம் எழுதாவிட்டாலும் பழைய விதிப்படியான குடும்ப ஓய்வூதியமே கிடைக்கும்: பத்து வருடம் 50 சதவீதம், பிறகு 30. கணக்கில் சேர்ந்த அரசின் பங்கு அரசுக்குத் திரும்பும், மகன் கட்டிய பங்கு நாமினிக்கு வரும்.

*நான் மத்திய அரசு ஊழியை. கணவர் மீது குடும்ப வன்முறை வழக்கு நடக்கிறது. எனக்கு ஏதாவது ஆனால் அவருக்கா பென்ஷன்? (பெயர் வேண்டாம்)* வேண்டாம் என்று நீங்கள் எழுதிக் கொடுக்கலாம். 2024 ஜனவரியிலிருந்து, விவாகரத்து வழக்கோ குடும்ப வன்முறை, வரதட்சணை வழக்கோ நிலுவையில் இருக்கும் பெண் ஊழியர், கணவருக்கு முன்னால் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்படி அலுவலகத் தலைவரிடம் எழுத்தில் கேட்கலாம். இன்றைக்கே கேளுங்கள்.

*பிள்ளை இல்லாத விதவை நான், 38 வயது. மறுமணம் செய்தால்? (ஜனக்புரி)* மத்திய அரசுக் குடும்ப ஓய்வூதியம் என்றால், உங்கள் சொந்த வருமானம் அந்த 9,000-மும் அகவிலைப்படியும் சேர்ந்த வரம்புக்குள் இருக்கும் வரை தொடரும். தைரியமாகச் செய்துகொள்ளுங்கள்.

*குடும்ப ஓய்வூதியத்துக்கு வரி உண்டா? (நொய்டா)* உண்டு. 'பிற வருமானம்' என்ற தலைப்பில் வரும். மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், எது குறைவோ அதைப் புதிய வரி முறையில் கழிக்கலாம். பழைய முறையில் 15,000 தான்.

எனக்கு 84 வயது. மனைவிக்கு வரும் தையில் 80 என்று சொல்கிறாள். 80 ஆனால் 20 சதவீதம் கூடுதல் என்றார்கள். அவளுக்காக எனக்குக் கூடுமா? அவளிடம் பிறப்புச் சான்று இல்லை. கும்பகோணம் பக்கம் கிராமத்தில் வீட்டிலேயே பிறந்தவள். தைப்பூசம் அன்று பிறந்தாள் என்று மட்டும் தெரியும்.
— வாசகர், கரோல் பாக்

நீங்கள் இருக்கும் வரை உங்கள் வயதுதான் கணக்கு. அந்த 20 சதவீதம் உங்களுக்கு 80-லேயே வந்திருக்கும், 85-ல் 30 ஆகும். உங்களுக்குப் பிறகு அவர் வாங்கும்போது அவர் வயதை வைத்துக் கூட்டுவார்கள். அதனால் அவருடைய பிறந்த தேதி பி.பி.ஓ.வில் ஏற வேண்டும். பிறப்புச் சான்று இல்லாவிட்டால் பான் அட்டை, வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், சி.ஜி.எச்.எஸ். அட்டை, ஆதார் இதில் ஒன்று போதும். எல்லாவற்றிலும் ஒரே தேதி இருக்கிறதா என்று மட்டும் இரண்டு பேருமாக உட்கார்ந்து பாருங்கள். பி.பி.ஓ. எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதையும் அப்போதே அவரை எடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் எழுந்து எடுத்துக் கொடுக்காதீர்கள்.